பதினாலாம் நம்பர் படகு

கப்பலில் பால்கனி ரூம் என்றால் இரண்டு நாற்காலி இருக்கும். பிரமிளா மேடம் அனுப்பிய படத்தில் இருந்தது, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு குட்டி மேசை, மேசைமேல் ஒரு கப், அதற்கு அப்பால் முழுக்கக் கடல். அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி நாற்காலியை மட்டும் பார்த்தாள். தூத்துக்குடியில் பிறந்தவளுக்குக் கடல் என்ன புதுசா. நாற்காலிதான் புதுசு. "ஒண்ணுல நான் இருப்பேன், ஒண்ணுல அவிய இருப்பாவ" என்றாள், அப்புறம்தான் மகள் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து, "நீ கட்டில்ல படுத்துக்கோட்டி, உனக்குத்தான் எந்நேரமும் படுக்கணும்லா" என்று சேர்த்துக்கொண்டாள். அம்மா பெயர் எஸ்கலின். நாற்பத்தாறு வயசில் முதல்முறையாகச் சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறாள், கப்பலில் காற்றடித்தால் சேலை நிற்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அதை வாங்கிவரத்தான் இப்போது தையல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது மாடிப்படியில் பாதி இறங்கி நின்று திரும்பி, "பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணுமாம். பால்கனின்னு சொல்லிரு. வேற ஒண்ணும் யோசிக்காத" என்றாள். யோசிக்காதே என்று சொன்னால் நின்றுவிடுகிற மண்டையா ஜோவிட்டாவுக்கு. நிற்கிற மண்டையாக இருந்திருந்தால் கணக்குப் பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்காயையே பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டாள். மணி பதினொன்று பத்து. ஃபேன் சுற்றியது, சூட்டைத்தான் கலக்கியது. போனில் சார்ஜ் வயர் தளர்ந்து தளர்ந்து விழுந்தது, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அவள் மறுபடியும் லிஸ்டைத் திறந்தாள். நாலு கேபின். நாலில் ஒன்று. சொல்வது எவ்வளவு நேரம், ஒரு வார்த்தை, பால்கனி, அனுப்பிவிட்டுக் குப்புறப் படுத்துவிடலாம். விரல் போகவில்லை.

அது அப்பா வேலை பார்க்கிற கப்பல். லாசர், லாண்டரி, பதினோரு வருஷம். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்பது கணக்கு. இந்தத் தடவை மாற்ற வரவேண்டிய ஆள் வராமல் போய் ஒன்றேகால் வருஷமாகக் கடலிலேயே இருக்கிறார். பத்து வருஷம் தாண்டியவர்களின் குடும்பத்துக்கு ஒரே ஒரு தடவை சலுகைப் பயணம் உண்டாம், கொச்சியில் ஏறி, கொழும்பு, மாலத்தீவு, திரும்பக் கொச்சி. அதற்கு டிக்கெட் போடுகிறவர்தான் பிரமிளா மேடம், சென்னை ஆபீஸ். அம்மா படியிறங்கிப் போன இரண்டாவது நிமிஷம் அவரே கூப்பிட்டார். ஒரு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தால் அம்மா எடுத்திருப்பாள். அது எப்போதும் அப்படித்தான், வீட்டில் நல்ல செய்தி வந்தால் அம்மா எடுப்பாள், மற்றது ஜோவிட்டா கைக்கு வரும். "ஜோவிட்டாவா, ஃபார்ம்ல ஒண்ணு விட்டுப்போச்சுமா, அப்பா கப்பல்ல எந்த டிபார்ட்மென்ட்?" லாண்டரி என்றாள். "ஓ" என்றார் மேடம். இந்த ஓ ஜோவிட்டாவுக்குத் தெரியும். அப்பா ஃபாரின் கப்பல்ல இருக்கார் என்று சொன்னதும் வாயைப் பிளக்கிற டீச்சர்கள், என்ன வேலை என்று கேட்டு, பதில் கிடைத்ததும் போடுகிற ஓ. "ஓன்னா என்ன மேடம்?" என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது அவளுக்கு, அதனால்தான் இன்றைக்கு இந்தக் கதி. மேடம் கீபோர்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இல்லம்மா, வெயிட்டர், ரூம் பாய்னா மேல வந்து போவாங்க, பாக்கலாம். லாண்டரி ஆளுங்க கீழ்த்தளத்தோட சரி. பாசஞ்சர் இருக்கிற மாடிக்கு வரக் கூடாது, அந்தக் கம்பெனி ரூல் அது. நீங்களும் கீழ இறங்க முடியாது. எழுதிக் கேட்டா ஒரு வேளை சாப்பாட்டுக்கு அனுமதி தருவாங்க, கூட்டம் இல்லன்னா. இது காலாண்டு லீவு, கப்பல் ஃபுல்லு. ஏம்மா, அப்பா சொல்லலையா?" சொன்னார், சொன்னார், என்றாள் ஜோவிட்டா.

சொல்லவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னது வேற. வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது, அம்மா அதைத் துணி மடிக்கும்போதெல்லாம் ஓடவிடுவாள். "நீ வா எஸ்கலின், பால்கனி எடு. பதினோரு வருஷமா அந்தப் பால்கனிக்காரங்க துண்டத் துவைக்கேன், ஒரு தடவ என் பொண்டாட்டி அதுல உக்காரட்டும். நான் மேல வந்துருவேன், டீ குடிப்போம்." நான் மேல வந்துருவேன். எப்படி வருவாராம். ரூல் இவருக்குத் தெரியாதா. இல்லை, கடைசி நிமிஷத்தில் யாராவது கெஞ்சினால் விடுவான் என்ற நினைப்பா. அம்மாவைக் கப்பலில் ஏற்றிவிட்டால் போதும், மீதி ஆண்டவர் பார்ப்பார் என்கிற கணக்கா. வீட்டில் ஆளாளுக்கு ஒரு கணக்கு, ஃபெயிலானது மட்டும் ஜோவிட்டா. ஐந்து ராத்திரியும் அம்மா அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் இருப்பாள், பக்கத்து நாற்காலி சும்மா கிடக்கும், காற்றுக்குக் கொஞ்சம் நகரும்கூட, டீ ஆறும். முதல் நாள் வேலை அதிகம்போல என்பாள். இரண்டாம் நாள் அதையே சொல்வாள். மூன்றாம் நாள் பேசவே மாட்டாள், பேசாத அம்மாவை ஒரு சின்ன ரூமில் வைத்துக்கொண்டு நடுக்கடலில் எங்கே போய் ஒளிவது. ஊர் திரும்பினால் பெலிசி சித்தி வந்து, நான் சொன்ன பால்கனி எப்படிட்டி இருந்துச்சு என்பாள். சித்தி போன வருஷம் மகன் கூட்டிப்போய் ஒரு கப்பலில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவள், அதிலிருந்து கப்பலைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அவளுக்குக் கிடைத்தது உள் கேபின், ஜன்னல் கிடையாது. "கல்லறைட்டி அது. லைட்ட அணைச்சா கையக் கண்ணுக்கு முன்ன காட்டுனாலும் தெரியாது. பகலா ராத்திரியான்னு தெரியாம ரெண்டு தடவ பல்லு வெளக்குனேன். எஸ்கலினு, பிச்சை எடுத்தாவது பால்கனி எடு." அம்மா சிரி சிரி என்று சிரித்தாள். ஜோவிட்டாவும் சிரித்தாள். அப்புறம் ராத்திரி சோற்றில் கை வைத்தபோது சட்டென்று, அப்பா இருக்கிற ரூமும் அதுதானே என்று வந்தது. தண்ணிமட்டத்துக்கும் கீழே, ஒரு பிலிப்பைன்ஸ்காரர் மேல்கட்டில், அப்பா கீழ்க்கட்டில். சித்தி இரண்டு நாளில் கல்லறை என்றாள். பதினோரு வருஷம் இருந்தவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் மட்டும், விடிந்தும் விடியாமல் மொட்டைமாடிக்குப் போய்ச் சும்மா நிற்பார். என்னப்பா பாக்கீங்க என்றால், "ஒண்ணுமில்ல மக்கா, வெளிச்சம் வருது" என்பார். வெளிச்சம் வருவதை ஒரு ஆள் எத்தனை நாள் பார்ப்பான். கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு அவள் மறுபடி போய்ப் படுத்திருக்கிறாள். எழுந்து பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உள் கேபினை எடுத்தால் என்ன, அவரை மாதிரியே கண் தெரியாமல் ஐந்து நாள் கிடந்து பார்த்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தோன்றிய வேகத்தில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதனால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும். ஒரு மண்ணும் கிடைக்காது. அவர் முகம் தெரியுமா, தெரியாது. பதினொன்று இருபத்தைந்து.

முகம் தெரியாமல் ஒரு தடவை போய்வந்தாகிவிட்டது. இரண்டு வருஷம் முந்தி, கப்பல் கொச்சிக்கு ஒரு நாள் வருது என்றதும் அம்மா இரண்டு பாக்கெட் மக்ரூனும் ஒரு டப்பா பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். கரைக்கு வந்துவிட்டால் அப்பா இறங்கி வருவார் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். கப்பல்காரன் பொண்டாட்டி, கப்பல்காரன் மகள், இதுகூடத் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கப்பல் நின்றால் வேலை நிற்கும். லாண்டரிக்குக் கப்பல் நின்றால்தான் வேலை. பழைய பாசஞ்சர் இரண்டாயிரம் பேர் இறங்கி, புதுப் பாசஞ்சர் இரண்டாயிரம் பேர் ஏறுவதற்குள் அத்தனை மெத்தைவிரிப்பும் துண்டும் கீழே வந்து மேலே போக வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கப்பல் என்று சொல்கிறார்கள், அது வெள்ளைச் சுவர், தலையை அண்ணாந்தாலும் முடியவில்லை, அதில் ஓட்டை ஓட்டையாக ஆயிரம் ஜன்னல். அப்பா போன் பண்ணினார், பின்னால் மிஷின் சத்தம் குடம் குடமாகக் கொட்டியது. எங்க நிக்கிறீய, நான் இங்கதான் இருக்கேன், உங்களுக்கு நேர்தான் இருப்பேன், என்றார். எந்த ஜன்னல் என்று கேட்டாள் ஜோவிட்டா. அந்தப் பக்கம் பதில் இல்லை. எனக்கு ஜன்னல் இல்ல மக்கா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு லைன் சரியில்லை என்று நினைத்தாள். அம்மா கையை உயரத் தூக்கி ஆட்டினாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், மாடி மாடியாக, கப்பல் முழுவதற்கும். மேலே ஏதோ ஒரு பால்கனியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருத்தர் பதிலுக்குக் கையாட்டினார். அம்மா அவருக்கும் ஆட்டினாள். பொரித்த மீனைத் திரும்பிவரும்போது ரயிலில் இரண்டு பேரும் தின்றார்கள், மக்ரூனை கேட் செக்யூரிட்டிக்குக் கொடுத்துவிட்டாள். "என்னத்தையாவது யாராவது தின்னட்டும்" என்றாள். அந்தக் கை. அந்தக் கை மறுபடி சும்மா ஆடக் கூடாது.

இதெல்லாம் அம்மாவுக்காக யோசிக்கிறமாதிரி ஒரு நடிப்பு. உண்மை அது இல்லை. உண்மையைச் சொன்னால், அப்பாவைப் பார்க்க வேண்டியது அவளுக்கு. அதைவிட உண்மை, அப்பாவைப் பார்க்க அவளுக்குப் பயம். நாலு மாசம் ஆகிறது பேசி. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று போன் பண்ணினார். கணக்கில் இருபத்தாறு, மற்றதெல்லாம் தப்பித்துவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "சப்ளிமென்டரி எழுது மக்கா" என்றார். எழுத மாட்டேன் என்றாள். ஏன் என்றார். வராததை எதுக்குப்பா திரும்பத் திரும்ப, எனக்கு வராது, ஜெராக்ஸ் கடையில ஆள் கேக்காங்க, போறேன், என்றாள். அது ஒன்றும் பொய்யில்லை, அந்தக் கடை அவளுக்குப் பிடித்திருக்கிறது, மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் சூடான பேப்பர் வாசனையில் ராத்திரி எட்டு வரைக்கும் யாரும் அவளை ஒன்றும் கேட்பதில்லை. அப்பாவுக்கு அது புரியவில்லை. "பின்ன நான் இங்க எதுக்குட்டி துணி துவைக்கேன்?" என்றார், குரல் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இவள் சொன்னாள். "யாரு உங்கள ஊரான் அழுக்கத் துவைக்கச் சொன்னா?" சொன்னது வாய்தான். ஆனால் வாய் சொல்வதற்கு முன்னாடியே அந்த வாக்கியம் உள்ளே தயாராக இருந்தது, இஸ்திரி போட்டு மடித்துவைத்த மாதிரி, அதுதான் கேவலம். டீச்சர்களின் ஓ எல்லாம் சேர்ந்து அதற்குள் இருந்தது. அந்தப் பக்கம் மிஷின் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு வரைக்கும் அவள் எண்ணியிருக்கிறாள். அப்புறம் ஒன்றுமே இல்லை. கட்டாகிவிட்டது. நெட் கட்டானதா, அப்பா கட் பண்ணினாரா. நெட் என்றால் திரும்பக் கூப்பிட்டிருப்பாரே. நடுக்கடலில் நெட் போனால் மணிக்கணக்கில் வராது, அதனால் கூப்பிட முடியாமல் இருந்திருக்கும். அப்படியானால் அடுத்த நாள். அடுத்த நாள் அம்மா போனுக்குத்தான் மெசேஜ் வந்தது. அன்றிலிருந்து எல்லாம் அம்மா போனுக்குத்தான். ஒவ்வொன்றின் கடைசியிலும், "அவ என்ன செய்தா?" என்று ஒரு கேள்வி, அம்மா போனை இவள் பக்கம் நீட்டுவாள், இவள் தண்ணி குடிக்கப் போய்விடுவாள். ஊரான் அழுக்கை. ஊரான் அழுக்கில்தான் இவளுக்கு பூட்ஸ், இவளுக்கு ட்யூஷன், இந்தப் போன், தளர்ந்து விழுகிற இந்தச் சார்ஜ் வயரும். இதையும் யோசித்து யோசித்துத் தேய்ந்தாகிவிட்டது. யோசிப்பதால் சொன்னது திரும்ப வாய்க்குள் போவதில்லை. நேரில் பார்த்தால் என்ன செய்வார். அழுவாரா. அழுதால் இவள் செத்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி, வா மக்கா என்றால் அதைவிட மோசம். ஒரு வார்த்தையும் பேசாமல், பேசவே முடியாத ஒரு இடத்தில், சும்மா ஒரு தடவை முகத்தை முகம் பார்த்துவிட முடியுமா என்றுதான். அப்படி ஒரு கேபின் இருக்கிறதா பிரமிளா மேடம். லிஸ்டில் இருந்தால் அனுப்புங்கள்.

லிஸ்டில் இருந்தது. பதினொன்று நாற்பதுக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள், அதுவரைக்கும் பார்த்த கண்ணிலேயே இருந்துகொண்டு தெரியாமல் இருந்திருக்கிறது. நாலு கேபினில் கடைசி இரண்டு. "இது வேண்டாம்மா, லிஸ்ட்ல வந்துச்சுன்னு அனுப்புறேன், யாரும் எடுக்க மாட்டாங்க" என்று மேடம் குறிப்புப் போட்டிருந்தார். ஆறாம் மாடி. ஜன்னல் உண்டு, கடல் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நடைபாதை, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உயிர்காக்கும் படகு தொங்கும், அது முழுசாக மறைத்துவிடும். போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், திரையை மூடியே வைக்கணும். படம் இருந்தது. சதுர ஜன்னல், வெளியே ஆரஞ்சு நிறத்தில் படகின் வயிறு. அந்த ஆரஞ்சு. கட்டைவிரல் வயரை விட்டது, வயர் விழுந்தது. இந்த ஆரஞ்சை எங்கேயோ. அவள் போனில் பின்னாடி பின்னாடி போனாள், ரிசல்ட்டுக்கு முந்தி, பொங்கலுக்கு முந்தி, அப்பா அவளுக்கென்று அனுப்பிக்கொண்டிருந்த காலத்துக்கு. இருந்தது. அப்பா செல்ஃபி, மிதவைச் சட்டை மாட்டி, கண்ணைச் சுருக்கி, வெயிலைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு பக்கம் ஆரஞ்சுப் படகு, படகில் பதினாலு என்று எழுதியிருக்கிறது. அவருக்கு முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடலாம், ஒரு சதுர ஜன்னல், திரை மூடிய ஜன்னல். அப்போது ஒரு வாய்ஸும் அனுப்பியிருந்தார், அதையும் தட்டினாள். நாலு மாசத்துக்கு அப்புறம் அவளோடு பேசுகிற அப்பா. "மக்கா, இதாக்கும் அப்பா வெயில் காய்ற இடம். கப்பல் கொழும்புல நின்னா பத்தரை மணிக்கு டிரில்லு, கப்பல் முங்குனா தப்பிக்கப் பழக்குவான். பாசஞ்சர் எல்லாம் ஊர் பாக்கப் போயிருவான், எங்களை ஏத்தி ஆளுக்கொரு படகுகிட்ட நிப்பாட்டுவான். எனக்குப் பதினாலு. அரை மணி நேரம் பேசாம நிக்கணும், வாயத் திறந்தா ஆபீசர் கத்துவான். படகக் கீழ இறக்கிக் காட்டுவாங்க, அப்பம் பாக்கணும் கடல, சும்மா பளபளன்னு..." அதற்குள் யாரோ கூப்பிட்டு, வந்துட்டேன் வந்துட்டேன் என்று ஓடுகிறார். அவள் அதைத் திரும்ப ஓடவிட்டாள். பேசாமல் நிற்கணும். வாயைத் திறக்கக் கூடாது. சப்ளிமென்டரி எழுதினியா என்று கேட்க முடியாது. ஊரான் அழுக்கு என்று சொல்ல முடியாது. நடுவில் கண்ணாடி. அரை மணி நேரம். அவர்களுடைய பயணத்தில் கொழும்பு என்றைக்கு, வியாழக்கிழமை. அம்மா கொழும்பில் இறங்கி சேலை எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள். இறங்க வேண்டாம். யாரும் எங்கேயும் இறங்க வேண்டாம்.

ஆனால் கேபின் இரண்டு. சனியன். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். இரண்டுக்கும் வெளியே இருப்பது அந்தந்தப் பக்கத்துக் கடைசிப் படகு. மேடத்துக்கு போன் அடித்தாள். "மேடம், மொத்தம் எத்தனை படகு?" பதினாலுமா, பக்கத்துக்கு ஏழு. "பதினாலாம் நம்பர் எந்தப் பக்கம்?" அதெல்லாம் எங்க ப்ளான்ல போட மாட்டாங்கம்மா, படகை வச்சு யாராவது ரூம் எடுப்பாங்களா, பால்கனியை நான் போட்டுரட்டுமா, இன்னும் பதிமூணு நிமிஷம்தான், அப்புறம் சிஸ்டம் தானா விட்டுரும். இருங்க என்று வைத்துவிட்டாள். பதினாலு கடைசி நம்பர், சரி. எந்தப் பக்கத்துக் கடைசி. இடதில் ஒன்று முதல் ஏழு, வலதில் எட்டு முதல் பதினாலு என்று போட்டிருப்பானா, மாற்றி மாற்றிப் போட்டிருப்பானா. அவள் போட்டோவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். வெயில் அப்பாவுக்கு முன்னாலிருந்து வருகிறது. மணி பத்தரை என்றால் சூரியன் கிழக்கில், கப்பல் வடக்கே மூக்கை வைத்து நின்றிருந்தால் வலது, தெற்கே வைத்து நின்றிருந்தால் இடது. எப்படி நின்றது என்று சூரியனா சொல்லும். செல்ஃபியை சில போன் திருப்பிக் காட்டும், அதுவும் இருக்கிறது, நம்பர் நேராகத்தான் தெரிகிறது, ஆனால் நம்பர் நேராகத் தெரிவதால் என்ன தெரிந்துவிட்டது. இதுவும் கணக்கு, இதிலும் இருபத்தாறுதான் அவளுக்கு. தப்பான பக்கத்தை எடுத்தால் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு யாரோ ஒரு சமையல்காரன் முதுகை அம்மாவும் அவளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதே நேரம் கப்பலின் அந்தப் பக்கம், ஒரு மூடிய திரைக்கு முன்னால் அப்பா வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மறுபடி அந்த வெள்ளைச் சுவர். மறுபடி அந்தக் கை. அம்மாவுக்கு போன் அடித்து, அப்பாவிடம் கேட்டுச் சொல்லு என்று சொல்லலாம். எதுக்கு என்பாள். மேல வர முடியாது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தையல்காரர் வீட்டுத் திண்டாட்டத்துக்கு நடுவில், கையில் அந்தச் சுடிதாரை வைத்துக்கொண்டு. முடியாது. தெரிந்த ஆள் ஒருத்தர்தான். பதினொன்று ஐம்பது. அவள் அப்பாவின் பெயரைத் திறந்தாள். கடைசியாக அங்கே இருந்தது ரிசல்ட் அன்று பேசிய அந்த போன் காலின் அடையாளம், நாலு மாசத்துக்கு முந்தின தேதி, நிமிஷம் மூன்று, நொடி பன்னிரண்டு. அதற்குக் கீழே காலி. என்ன எழுத. மன்னிப்பு என்ற வார்த்தையை அடித்தாள், அது சினிமா மாதிரி இருந்தது, அழித்தாள். எப்படி இருக்கீங்க என்று அடித்தாள், நாலு மாசம் கேட்காதவள் இப்போது கேட்டால் செருப்பால் அடிக்க வேண்டும், அழித்தாள். கடைசியில் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள். "பதினாலாம் நம்பர் படகு இடமா வலமா?" அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான், வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவார். முடிந்தது. ஒரே ஒரு சாம்பல் டிக். அவள் அதையே பார்த்தாள். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டொக்கென்றது. ஒன்று. இரண்டு. மூன்று. இந்தத் தடவை நாலோடு நிறுத்தக் கூடாது என்று எண்ணிக்கொண்டே போனாள். முப்பத்தொன்றில் டிக் இரண்டானது. முப்பத்தெட்டில் நீலமானது.

"இடது" என்று வந்தது. எழுத்தில். எழுத்துத் தேடித் தேடி அடிக்கிறவர், அதனால்தான் எப்போதும் வாய்ஸ் அனுப்புகிறவர். பூட்டிவைக்க வேண்டிய போன் இந்த நேரத்தில் அவர் கைக்கு எப்படி வந்தது. பாக்கெட்டிலேயே வைத்திருந்தாரா, எத்தனை நாளாக. "ரெட்டப்பட நம்பர் எல்லாம் எடது பக்கம். பதினாலு கடசி" என்று அடுத்தது. எதற்குக் கேட்கிறாய் என்று வரும் என்று இருந்தாள். வரவில்லை. டைப் செய்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது, என்னதான் எழுதுகிறார், ஒரு பெரிய கடிதமே வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது ஒரு வரி. "அன்னைக்கி நெட் போயிட்டு மக்கா." அதை அவள் படித்தாள். நிஜமாகவே நெட் போயிருக்கலாம். இல்லை, நாலு மாசமாக இதைச் சொல்வதற்கு ஒரு இடம் கிடைக்காமல் வைத்திருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளலாம் என்று பட்டது. அவர் நீட்டுகிறார், வாங்கிக்கொள்ளலாம். "சரிப்பா" என்று அடித்தாள். ப்பா என்ற எழுத்தைத் தேட விரலுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மேடத்துக்கு, "ஆறாம் மாடி, இடது பக்கம், மறைப்பு ஜன்னல், அதைப் போடுங்க" என்று அனுப்பினாள். ஷ்யூரா என்று கேட்டு ஒரு பொம்மை முகம் வந்தது, ஷ்யூர் என்றாள், கன்ஃபர்ம் ஆன தாள் வந்து விழுந்தபோது கோயிலில் மத்தியான மணி அடிக்க ஆரம்பித்திருந்தது.

மணி ஓய்வதற்குள் அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் நீலத்தில் சுடிதார். "கையக் குட்டையா வச்சிட்டான், பாழாப்போறவன். பால்கனி சொல்லிட்டியா?" இல்ல, ஜன்னல், என்றாள் ஜோவிட்டா. அம்மா பையைக் கட்டிலில் போட்டாள். "ஜன்னலா? நாற்காலி?" நாற்காலி கிடையாது. "கடலாவது தெரியுமா?" தெரியாது, படகு மறைக்கும். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? படகப் பாக்கவா கப்பல் ஏறிப் போறோம்? அதுக்கு நம்ம திரேஸ்புரம் கடக்கரை பத்தாதா, காலாற நடந்து போயிட்டு வந்துருவேன்லா!" கத்தினாள், கத்தட்டும், கத்துகிற அம்மா பரவாயில்லை. அது கொஞ்சம் தணிகிறவரைக்கும் இருந்துவிட்டு, "அப்பா மேல வர முடியாதும்மா. லாண்டரிக்காரங்களை விட மாட்டாங்களாம்" என்றாள். அம்மா சுடிதார்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஜோவிட்டாவுக்கு இப்படியெல்லாம் ஆறுதல் சொல்லத் தெரியாது, தெரிந்தவர்களைப் பார்த்தாலும் பிடிக்காது. அவள் அந்தப் போட்டோவை எடுத்து போனை அம்மா கையில் கொடுத்தாள். "வியாழக்கிழமை பத்தரைக்கு. அரை மணி நேரம்." அம்மா பார்த்தாள். விரலால் பெரிசாக்கினாள், மிதவைச் சட்டை, கழுத்து, நரைத்த மீசை, சுருக்கிய கண். இன்னும் பெரிசாக்கி அந்த முகத்தைத் தாண்டிப் பின்னால் போனாள், ஜன்னலுக்கு. அங்கேயே ரொம்ப நேரம் இருந்தாள்.

"இந்தத் திரைய நம்ம திறந்து வச்சுக்கிடலாம்லா?" என்றாள்.